இடைக்கால நிதியறிக்கையின் எடுத்துரைப்பு: நட்டமடையும் பெருந்தோட்டக் கம்பனிகளை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

கணக்கறிக்கையை இலக்கியத் திறனாய்வாளன் ஏன் வாசித்தல் வேண்டும் என்னும் வினா இக்கட்டுரையின் தலைப்பைக் கண்டதும் எழுவது இயல்பே. தமிழிலே திறனாய்வானது முதலிற் செய்யுளையும், பின்னர் நாவல், சிறுகதை, நாடகம் ஆகியவற்றையும் தனக்குரிய எல்லையாகக் கொண்டு வளர்ந்துள்ளது. நாட்டார் பாடல்கள் அவ்வெல்லைக்குள் இடம்பெறுவதற்கே நெடிய விவாதம் தேவைப்பட்டது. எனினும், ஒரு சமுதாயம் தன்னைப் பற்றி எழுதிக்கொள்ளும் யாவும் கற்பனைப் படைப்புகள் அல்ல. ஆணைக்குழு அறிக்கை, நீதிமன்றத் தீர்ப்பு, குடிசன மதிப்பீடு, கம்பனிக் கணக்கு ஆகியனவும் எழுதப்படுபவையே. அவற்றுக்கும் கூறுவோர் உளர், கேட்போர் உளர், கூறும் முறை உண்டு, கூறாது விடும் மரபும் உண்டு.

மார்க்ஸ் ‘மூலதனம்’ முதலாம் பாகத்திலே வேலைநாள் பற்றி எழுதிய இயலை இங்கு நினைவுகூர்வது பொருந்தும். அவ்வியலின் ஆதாரங்களுட் பெரும்பகுதி பிரித்தானியத் தொழிற்சாலைப் பரிசோதகர்கள் தமது அரசுக்குச் சமர்ப்பித்த அறிக்கைகளாகும். அவற்றை அவர் வெறும் புள்ளிவிவரக் களஞ்சியமாகக் கொள்ளவில்லை. எவர், எவருக்காக, எச்சட்டத்தின் தேவை கருதி எழுதினர் என்பதை மனங்கொண்டே வாசித்தார். அறிக்கை எதனைக் கூறுகின்றது என்பதோடு, அதன் அமைப்பு எதனைக் கூறவியலாததாக்குகின்றது என்பதையும் அவர் கவனித்தார். அம்முறையை நமது காலத்தின் ஓர் எழுத்து வகைக்குப் பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அவ்வெழுத்து வகை, பங்குச் சந்தையிற் பட்டியலிடப்பட்ட பகிரங்கக் கம்பனியொன்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிடும் இடைக்கால நிதியறிக்கையாகும். குறிப்பாக, நட்டமடையும் கம்பனியின் அறிக்கை நமது கவனத்துக்குரியது. இலாபம் கிட்டும்போது விளக்கம் பெரிதாக வேண்டப்படுவதில்லை. நட்டத்துக்கோ காரணம் கூறவேண்டியுள்ளது. காரணம் கூறத் தொடங்குமிடத்திலே கணக்கு கதையாகின்றது. எடுத்துக்காட்டாக இலங்கையின் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளைக் கொள்கின்றோம். தனியொரு கம்பனியைக் குற்றஞ்சாட்டுவது நமது நோக்கமன்று. இவ்வறிக்கைகள் யாவற்றையும் ஆளும் விதிகளும், அவ்விதிகளின்வழி உருவாகும் எடுத்துரைப்பு முறையுமே ஆராயப்படுகின்றன.

2

1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் இலங்கையின் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமைத்துவம் புதிதாக அமைக்கப்பட்ட இருபதுக்கு மேற்பட்ட பிராந்தியக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. அப்பத்தாண்டின் நடுப்பகுதியிலிருந்து அவற்றின் பெரும்பான்மைப் பங்குகள் தனியாருக்கு விற்கப்பட்டன. பங்குகளிற் பத்து வீதம் ஊழியருக்கு இலவசமாக ஒதுக்கப்பட்டது. காணி அரசின் உடைமையாகவே இருந்தது. 2045 ஆம் ஆண்டு வரை கம்பனிகளுக்குக் குத்தகைக்கு விடப்பட்டது. இக்கம்பனிகளுட் பெரும்பாலானவை கொழும்புப் பங்குச் சந்தையிற் பட்டியலிடப்பட்டன. இவ்வகையிலே, ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் துரையின் அலுவலகத்துக்குள் அடங்கியிருந்த தோட்டக் கணக்கு, காலாண்டுதோறும் பகிரங்கமாக வெளியிடப்படும் எழுத்தாகியது.

இது முன்னேற்றமே என்பதை முதலில் ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். இரகசியமாக இருந்த கணக்கு வெளிவருவது எவ்வகையாலும் தீங்கன்று. பங்குச் சந்தை விதிகளின்படி ஒவ்வொரு காலாண்டும் முடிந்து குறித்த நாட்களுக்குள் (முதல் மூன்று காலாண்டுகளுக்கும் 45 நாட்கள்) கம்பனி தனது நிலையை அறிவிக்கவேண்டும். இலாபநட்டம், சொத்தும் பொறுப்பும், உரிமையாண்மையின் மாற்றம், காசுப் பாய்ச்சல் ஆகிய நான்கும் சுருக்க வடிவிலே தரப்படும். அவற்றின் பின்னே சில விளக்கக் குறிப்புகள் இடம்பெறும். பங்கின் அதி உயர்ந்த விலை, அதி குறைந்த விலை, பணிப்பாளர் வசமுள்ள பங்குகள், மிகப் பெரிய இருபது பங்குதாரரின் பெயர்கள் ஆகியனவும் சேர்க்கப்படும். நிதி அலுவலர் ஒருவர், 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்துக்கு அமைய இக்கூற்றுகள் தயாரிக்கப்பட்டுள்ளன எனச் சான்றுரைத்து ஒப்பமிடுவார். இவை கணக்காய்வு செய்யப்படாதவை என்னும் குறிப்பும் காணப்படும்.

இக்கூற்றுகளின் உள்ளடக்கத்தைச் சர்வதேசக் கணக்கீட்டு நியமம் 34ஐத் தழுவிய இலங்கைக் கணக்கீட்டு நியமம் 34 நிர்ணயிக்கின்றது. வெறும் தொழினுட்ப ஆவணமாகத் தோன்றும் இந்நியமம் உண்மையிலே ஓர் எடுத்துரைப்பியல் நூலாகும். எங்கே தொடங்குவது, எதனோடு ஒப்பிடுவது, எதனை விரிப்பது, எதனை விடுவது என்பவற்றை அது விதிக்கின்றது. பொருண்மையானது எது என்பதை அந்தக் காலாண்டின் அளவைக்கொண்டே தீர்மானிக்கச் சொல்கின்றது. இடைக்கால அறிக்கையின் கவனம் புதிய செயல்கள், புதிய நிகழ்வுகள், புதிய சூழ்நிலைகள் ஆகியவற்றின் மீதே குவியவேண்டும் என்றும், முன்னைய ஆண்டறிக்கையில் வெளியான தகவல்களை மீளக்கூற வேண்டியதில்லை என்றும் அது கருதுகின்றது. ஆண்டிறுதிக்குப் பின்னர் ஏற்பட்ட மாற்றங்களை விளங்கிக்கொள்வதற்கு வேண்டிய முக்கிய நிகழ்வுகளே விளக்கப்படும்.

முதலீட்டாளரின் நோக்கிலே இது நியாயமான விதி. ஆண்டுக்கு நான்கு முறை முழுக் கதையையும் திரும்பச் சொல்ல எவருக்கும் நேரமில்லை. ஆயினும் இவ்விதியின் கருத்துநிலை விளைவு பாரதூரமானது. மாறியதே கூறத்தக்கது என்றால், மாறாதது கூறப்படாது. தொழிலாளியின் சம்பளம் குறைவாக இருத்தல் என்பது மாற்றமன்று; அது நிலைமை. சம்பளம் உயர்தல் மாற்றம், அது நிகழ்வு. லயத்தின் கூரை முப்பது ஆண்டுகளாக ஒழுகுதல் நிகழ்வாகாது. கூரையைத் திருத்தச் செலவிட்ட தொகை நிகழ்வாகலாம். தேயிலைச் செடி மீள்நடுகையின்றி முதுமையடைதல் எந்தக் காலாண்டிலும் புதிய செய்தியன்று. விளைச்சல் குறைதல் செய்தியாகும். ஆகவே இவ்வறிக்கையின் உலகிலே தொழிலாளி எப்பொழுதும் ஒரு செலவின் உயர்வாகவே தோன்றுகின்றான். அவனது வறுமை அங்கு தோன்றுவதற்கு வழியே இல்லை.

இதனைத் தனியொரு கணக்காளரின் சூழ்ச்சியாகக் கொள்வது தவறு. எடுத்துரைப்பின் அமைப்பே இவ்விளைவைத் தருகின்றது. நேர்மையாக, விதி பிசகாது எழுதப்படும் அறிக்கையிலும் இது நிகழும். நேர்மையான அறிக்கையையே நாம் ஆராயவேண்டியிருப்பதும் இதனாலேயே.

3

மேற்கூறிய கருத்தைச் சோதித்துப் பார்ப்பதற்கு 2021 ஆம், 2022 ஆம் ஆண்டுகள் ஏற்ற களமாக அமைகின்றன.

2019 சனவரியிற் கைச்சாத்தான கூட்டு ஒப்பந்தம் நாளொன்றுக்கான அடிப்படைச் சம்பளத்தை 700 ரூபாவாக நிர்ணயித்தது. விலைப்பங்குக் கொடுப்பனவாக மேலும் 50 ரூபா சேர்ந்தது. 1000 ரூபா வேண்டும் என்னும் கோரிக்கை அதற்கு முன்னரே பல்லாண்டுகளாக எழுப்பப்பட்டு வந்தது. இறுதியில், கூட்டு ஒப்பந்தத்தின் வழியாகவன்றிச் சம்பள நிர்ணய சபையின் வழியாக, 2021 மார்ச்சில் 1000 ரூபா நடைமுறைக்கு வந்தது. 900 ரூபா அடிப்படைச் சம்பளம், 100 ரூபா வரவுசெலவு நிவாரணப்படி. கம்பனிகள் இதனை எதிர்த்து நீதிமன்றத்தை நாடின. அதே ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரிலே தடை நீக்கப்பட்டபோதும் அதன் பாதிப்பு அடுத்த ஆண்டுக்கும் நீடித்தது. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் ஏறத்தாழ 25 கோடி கிலோவாக வீழ்ந்தது.

இத்தகைய சூழலிலே ஒரு காலாண்டின் நட்டத்தை விளக்க முற்படும் அறிக்கையில் இரண்டு நிகழ்வுகள் முன்னிற்கும்: சம்பளம் உயர்ந்தது, விளைச்சல் குறைந்தது. இவ்விரு வாக்கியங்களின் இலக்கண அமைதியைக் கவனித்தல் தகும். இரண்டிலும் எழுவாயாக நிற்பது ஒரு பொருளேயன்றி மனிதரல்லர். சம்பளம் தானே உயர்ந்தது. எவரும் பல்லாண்டுகள் அதனைக் கோரவில்லை. விளைச்சல் தானே குறைந்தது. பசளை தொடர்பாக எவரும் முடிவெடுக்கவில்லை. மீள்நடுகையைத் தள்ளிப்போடவும் எவரும் முடிவெடுக்கவில்லை. மனிதர் ஒருவருக்கொருவர் கொண்டுள்ள உறவுகள் பொருள்களுக்கிடையிலான உறவுகளாகத் தோற்றமளிப்பதைப் பண்டத்தின் மாயை என மார்க்ஸ் விளக்கினார். அம்மாயை இங்கு வாக்கிய அமைப்பாகவே படிந்துள்ளது.

இனி 2022ஐ நோக்குவோம். அவ்வாண்டு மார்ச்சுக்கும் மே மாதத்துக்கும் இடையில் டொலர் ஒன்றின் பெறுமதி ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து ஏறத்தாழ 360 ரூபாவாக உயர்ந்தது. டொலருக்கு விற்கப்படும் பண்டமாகிய தேயிலையின் ரூபா விலை கொழும்பு ஏலத்திலே முன்னைய ஆண்டின் சராசரியைவிட ஏறத்தாழ இரு மடங்காயிற்று. விளைச்சல் குறைந்த ஆண்டிலேயே பல கம்பனிகள் கணிசமான இலாபத்தைக் காட்டின. அக்காலாண்டுகளின் அறிக்கைகளில் விளக்கம் பெறவேண்டிய நிகழ்வு நாணய மாற்று வீதமும் ஏல விலையுமாகும். சம்பளமோ? அது 1000 ரூபாவாகவே இருந்தது. மாறாதது நிகழ்வன்று, ஆதலால் அது கூறப்பட வேண்டியதுமன்று.

ஆனால், மாறாத அந்த 1000 ரூபா உண்மையில் மாறிக்கொண்டேயிருந்தது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி 2022 செப்டெம்பரில் ஆண்டுக்கு ஆண்டான பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தை எட்டியது. கோதுமை மாவையும் அரிசியையும் கடையில் வாங்கியே உண்ணவேண்டிய தோட்டக் குடும்பத்துக்கு அவ்வீதம் எத்தகையது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. நாட்சம்பளத்தின் வாங்கும் சக்தி பெரிதும் சுருங்கிய அதே மாதங்களிலே, அச்சம்பளத்தாற் கொய்யப்பட்ட கொழுந்தின் விலை இரட்டித்தது. கம்பனிக்குக் கிட்டிய இலாபத்தின் ஒரு கூறு இவ்விடைவெளியிலிருந்தே பிறந்தது. எனினும் காலாண்டு அறிக்கையின் எந்த வரியிலும் இது ஒரு நிகழ்வாகப் பதிவதற்கு இடமில்லை. கணக்கீட்டு அளவுகோலின்படி நிகழ்ந்தது எதுவுமில்லை. சம்பளத்தின் அடிப்படை 1350 ரூபாவாக உயர்த்தப்பட்டது 2024 செப்டெம்பரிலேயே. அன்றுதான் அது மீண்டும் ஒரு ‘நிகழ்வு’ ஆகியது.

இவ்விரு ஆண்டுகளையும் அருகருகே வைத்து வாசிக்கும்போது ஒரு சமச்சீரின்மை புலனாகின்றது. நட்டத்தின் கதையிலே தொழிலாளி காரண கர்த்தாவாக இருக்கின்றான். இலாபத்தின் கதையிலே அவன் இல்லை. சந்தை மாத்திரமே உண்டு. நட்டத்தை உண்டாக்க வல்லவனாகச் சித்திரிக்கப்படும் ஒருவன் இலாபத்தை உண்டாக்குவதில் எப்பங்கும் இல்லாதவனாக இருப்பது எங்ஙனம்? யதார்த்தவாத நாவலொன்றில் பாத்திரமொன்று இவ்வாறு நடத்தப்பட்டிருப்பின் அதனைப் பாத்திர வார்ப்பின் குறைபாடு என எந்தத் திறனாய்வாளரும் சுட்டிக்காட்டியிருப்பர்.

4

அடுத்து, காலம் பற்றிய சிக்கலை நோக்குதல் வேண்டும். எந்த எடுத்துரைப்புக்கும் காலமே அடித்தளம். இடைக்கால அறிக்கையின் கால அலகு மூன்று மாதம். ஒப்பீட்டு நிரல் சென்ற ஆண்டின் அதே மூன்று மாதத்தைக் காட்டும். ஆக, இவ்வெழுத்தின் நினைவு ஓராண்டுக்கு அப்பாற் செல்வதில்லை.

தேயிலை இக்கால அலகுக்கு அடங்கும் பயிரன்று. மேற்குச் சரிவுகளிலே ஆண்டின் தொடக்க மாதங்களில் வரண்ட காற்று வீசும். கொழுந்து குறையும், தரம் உயரும். ஊவாவுக்கு அத்தகைய பருவம் யூலை தொடக்கம் செப்டெம்பர் வரையாகும். மழைக்குப் பின்னர் கொழுந்து பெருகும், விலை தாழும். எனவே ஒரு காலாண்டின் நட்டம் பல வேளைகளில் வானிலையின் இயல்பான சுழற்சியாகவும் இருக்கலாம். பருவத் தாக்கம் மிக்க தொழில்கள் கடந்த பன்னிரு மாதத் தகவலையும் தருதல் நன்று என நியமமும் ஊக்குவிக்கின்றது. ஆனால் அது கட்டாயமன்று. பருவத்துக்கு அப்பால் செடியின் வாழ்நாள் பல பத்தாண்டுகளாக நீள்கின்றது. காணிக் குத்தகையின் காலம் 1992இலிருந்து 2045 வரை. தொழிலாளியின் உழைப்புக் காலம் முப்பது, நாற்பது ஆண்டுகள்; அவரது குடும்பம் அத்தோட்டத்தில் வாழ்ந்த காலம் நான்கு, ஐந்து தலைமுறைகள். இவ்வேறுபட்ட காலங்கள் யாவும் மூன்று மாதம் என்னும் ஒரே சட்டத்துக்குள் அடைக்கப்படும்போது அவை உருத்திரிவது தவிர்க்கவியலாதது.

இவ்வுருத்திரிபின் மிகத் துலக்கமான இடம் பணிக்கொடையாகும். 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாது பணியாற்றிய நாட்சம்பளத் தொழிலாளி விலகும்போது, பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினான்கு நாட் சம்பளம் வீதம் பெறும் உரிமையுடையவர். கணிப்புக்கு அடிப்படையாவது இறுதியாகப் பெற்ற சம்பளம். முப்பது ஆண்டு பணியாற்றிய ஒருவரது நாட்சம்பளம் 100 ரூபாவால் உயர்வதாகக் கொள்வோம். அவருக்குரிய பணிக்கொடை 30 × 14 × 100, அதாவது 42,000 ரூபாவால் உயரும். ஆயிரக்கணக்கான தொழிலாளரைக் கொண்ட கம்பனியொன்றில் இத்தொகை பெருந்தொகையாகும். சம்பள உயர்வு அறிவிக்கப்பட்டதும் முழுப் பொறுப்பும் மீளக் கணிக்கப்படுகின்றது. அதன் விளைவு நியமங்களின் வகுப்புக்கேற்ப இலாபநட்டத்தினூடாகவோ பிற முற்றடக்க வருமானத்தினூடாகவோ கம்பனியின் உரிமையாண்மையைக் குறைக்கின்றது.

கணக்கீட்டு நோக்கில் இதிற் பிழை எதுவுமில்லை. ஆனால் இதன் பொருளை நாம் வேறு விதமாக வாசிக்கலாம். அந்த 42,000 ரூபா ஒரு காலாண்டிற் பிறந்த சுமையன்று. முப்பது ஆண்டுகளாகக் குறைந்த சம்பளத்துக்குச் செய்யப்பட்ட வேலையின் பிற்போடப்பட்ட கூலியே அது. கடந்த காலத்தின் கடன் நிகழ்காலத்தின் அதிர்ச்சியாகத் தோற்றமளிக்கின்றது. தொழிலாளி கம்பனிக்கு நெடுங்காலம் கொடுத்த கடன், தொழிலாளியாற் கம்பனிக்கு ஏற்பட்ட பாரமாக எழுதப்படுகின்றது. கடன் கொடுத்தவரைக் கடன்காரராகக் காட்டுவது மலையகத்துக்குப் புதிதன்று. கங்காணி முறையின் காலத்திலே, முற்பணமும் வழிச்செலவும் தொழிலாளியின் பேரிற் கடனாக எழுதப்பட்டு, ‘துண்டு’ என்னும் சீட்டின்வழி அவரைப் பின்தொடர்ந்த வரலாறு நன்கறியப்பட்டது. வடிவம் மாறியுள்ளது, பற்று எது, வரவு எது எனத் தீர்மானிக்கும் அதிகாரம் எவரிடம் உள்ளது என்பது மாறவில்லை.

இன்னொரு கூற்றையும் இங்கு சுட்டுதல் தகும். 2016 முதல் நடைமுறையிலுள்ள நியமத் திருத்தத்தின்படி தேயிலைச் செடி ஆதனத்தையும் பொறியையும் போலக் கிரய அடிப்படையிற் கணிக்கப்படும். ஆனால் செடியிலே வளர்ந்து நிற்கும், இன்னும் கொய்யப்படாத கொழுந்து நியாயப் பெறுமதியிற் கணிக்கப்படவேண்டும். பெண்ணின் கை தீண்டுமுன்னரே கொழுந்து பெறுமதி பெற்றுவிடுகின்றது. அப்பெறுமதி மாற்றம் இலாபநட்டத்தையும் சேர்கின்றது. இயற்கையின் வளர்ச்சி வருமானமாகவும், அதனைக் கொய்யும் உழைப்பு செலவாகவும் வகுக்கப்படும் இவ்வமைப்பிலே, பெறுமதியின் ஊற்று உழைப்பு என்னும் உண்மை எந்தப் பொய்யும் கூறப்படாமலேயே மறைந்துபோகின்றது.

5

இவ்வெழுத்து வகையிலே எவருக்குப் பெயர் உண்டு என்பது கேட்கப்பட வேண்டிய வினா. பணிப்பாளருக்குப் பெயர் உண்டு. முன்னணிப் பங்குதாரர் இருபதின்மருக்குப் பெயர் உண்டு. பல கம்பனிகளில் முகாமைக் கட்டணம் பெறும் முகாமை நிறுவனத்துக்கும் பெயர் உண்டு. தொழிலாளருக்குப் பெயர் இல்லை. பங்குகளிற் பத்து வீதம் ஒருகால் அவர்களுக்கு ஒதுக்கப்பட்டபோதிலும், தனித்தனியே மிகச் சிறு தொகையினராகையால் இருபதின்மருள் அவர்கள் வருவதற்கில்லை.

இது மிக எளிய அவதானிப்பாகத் தோன்றலாம். ஆயின் தோட்டத்தின் பேச்சு வழக்கை அறிந்தோர் இதன் முரண்நகையை உணர்வர். தோட்டத்திலே ஒரு நாள் வேலையின் பதிவுக்கே ‘பேர்’ என்று பெயர். நிர்ணயிக்கப்பட்ட கிலோவைக் கொய்தவருக்குப் பேர் விழும். கொய்யாதவருக்கு ‘அரைப்பேர்’. செக்ரோலிலே ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவரின் பேரும் தனித்தனியே நிறுக்கப்படுகின்றது. கொழுந்து ஒரு நாளிற் பல முறை தராசிலே ஏறுகின்றது. சாக்குக்கும் ஈரத்துக்கும் எனக் கழிவு அங்கேயே கழிக்கப்படுகின்றது. தொழிலாளியின் கணக்கு நாள்தோறும் பரிசோதிக்கப்படும் கணக்கு. அதிலே மதிப்பீடு இல்லை, எடுகோள் இல்லை, அடுத்த காலாண்டிலே சீர்செய்யப்படும் என்னும் சலுகையும் இல்லை. அக்கணக்குகள் யாவற்றையும் கூட்டி எழும் கம்பனியின் இடைக்காலக் கணக்கோ மதிப்பீடுகளை நம்பியது, கணக்காய்வு செய்யப்படாதது. கீழே செல்லச் செல்லப் பரிசோதனை கடுமையாகின்றது. மேலே செல்லச் செல்ல நம்பிக்கை போதுமானதாகின்றது.

மொழியையும் இங்கு சேர்த்து நோக்குதல் வேண்டும். இவ்வறிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வெளிவருகின்றன. தமிழ் பேசும் தொழிலாளரைப் பெரும்பான்மையினராகக் கொண்ட தொழிற்றுறை பற்றிய எழுத்து, அவர்கள் வாசிக்கவியலாத மொழியில் அமைந்துள்ளது. அவர்கள் அதன் பொருளாக உளர், வாசகராக இலர்.

6

இந்நோக்குக்கு எதிராக இரண்டு நியாயமான வாதங்கள் எழலாம். முதலாவது, நட்டம் கற்பனையன்று என்பது. தேயிலை விலை உலகச் சந்தையால் நிர்ணயிக்கப்படுகின்றது. உற்பத்திச் செலவிற் பெரும்பகுதி தொழிற் செலவே. பசளைத் தடை கம்பனிகளின் முடிவன்று. இவை யாவும் உண்மை. நட்டம் பொய் என நாம் வாதிடவில்லை. நட்டம் எத்தொடரில், எக்காலச் சட்டத்தில், எவரை எழுவாயாகக் கொண்டு கூறப்படுகின்றது என்பதே நமது வினா. தொழிற் செலவின் விகிதம் பெரிது என்பது, அத்தொழிற்றுறை பொறியிலும் மீள்நடுகையிலும் எவ்வளவு காலம் முதலிடாது மலிவான உழைப்பையே நம்பியிருந்தது என்பதன் மறுபக்கமுமாகும். அவ்விகிதத்தைக் கூறி அவ்வரலாற்றைக் கூறாது விடுவது பாதி உண்மையாகும்.

இரண்டாவது வாதம் இன்னும் வலிமையானது. நிதியறிக்கை முதலீட்டாளருக்காக எழுதப்படுவது. அதனிடம் சமூக வரலாற்றை எதிர்பார்ப்பது வணிகக் கடிதத்திடம் காவியத்தை எதிர்பார்ப்பது போன்றதன்றோ? லயமும் குடிநீரும் சிறுவர் நிலையமும் ஆண்டறிக்கையின் சமூகப் பொறுப்புப் பகுதியிலே கூறப்படுகின்றனவன்றோ? ஆம், கூறப்படுகின்றன. ஆனால் அங்கே அவை கம்பனியின் நற்செயல்களாக, வண்ணப் படங்களுடன், கணக்கிலிருந்து பிரிக்கப்பட்டுக் கூறப்படுகின்றன. அவை தொழிலாளியின் உரிமையாகவோ கம்பனியின் பொறுப்பாகவோ ஐந்தொகையிலே தோன்றுவதில்லை.

மேலும், நிதியறிக்கை முதலீட்டாளரின் மேசையிலே தங்கிவிடுவதாயின் நாமும் அதனை அங்கேயே விட்டுவிடலாம். அது அங்கே தங்குவதில்லை. சம்பளப் பேச்சுவார்த்தை தொடங்கும்போது நட்டக் கணக்கு அங்கு சாட்சியாக வந்து நிற்கின்றது. சம்பள நிர்ணய சபையிலும் நீதிமன்றத்திலும் பத்திரிகைப் பத்திகளிலும் கம்பனிகளின் கொடுக்கவியலாமைக்கு அதுவே ஆதாரமாகின்றது. முதலீட்டாளரின் தேவைக்கென அளவாக வெட்டப்பட்ட ஓர் எழுத்து, அத்தேவைக்கு அப்பாற்பட்ட வழக்கிலே முழு உண்மையாக ஏற்கப்படுகின்றது. ஓர் எழுத்து தனது களத்தைவிட்டு வேறு களத்தினுள் நுழையும்போது, அதன் மௌனங்களும் பேசத் தொடங்குகின்றன. அவ்வேளையிலே அதனைக் கேள்விக்குள்ளாக்கும் உரிமை வாசகர் அனைவருக்கும் உண்டு.

தொழிற்சங்கத்தின் சார்பிற் பேசுவோர் பெரும்பாலும் இவ்வெண்களை மறுப்பதோடு நின்றுவிடுகின்றனர். அல்லது முகாமைக் கட்டணம் போன்ற தனி வரிகளைச் சுட்டிக் கேள்வி எழுப்புகின்றனர். அவை தேவையானவையே. எனினும் எண்களின் உண்மையை மாத்திரம் விவாதிப்பது, அவ்வெண்களை ஒழுங்குபடுத்திய கதையை ஏற்றுக்கொள்வதாக முடியக்கூடும். நட்டக் காலாண்டைத் தனித்து வாசிக்கலாகாது; பத்து, இருபது காலாண்டுகளைத் தொடராக அடுக்கி வாசித்தல் வேண்டும். அவ்வாறு வாசிக்கும்போது, ஒவ்வோர் இதழிலும் புதிய நிகழ்வாகத் தோன்றியவற்றின் அடியிலே, எந்த இதழிலும் கூறப்படாத ஒரு தொடர்ச்சி தென்படும். சம்பளம் அசையாது நின்ற காலாண்டுகளின் எண்ணிக்கையும், அக்காலாண்டுகளில் விலைவாசி நகர்ந்த தூரமும் அத்தொடர்ச்சியின் ஒரு பகுதி. அவ்விரு நிரல்களையும் இலாபநட்ட நிரலின் அருகே எழுதிச் சேர்ப்பது கடினமான பணியன்று. அதற்கு வேண்டிய தரவுகள் யாவும் பகிரங்கமானவை.

இப்பணியை எவர் செய்வது? கணக்கியல் துறையினர் எண்களை அறிவர். மலையக இலக்கியத்தை ஆராய்வோர் அவ்வெண்களின் பின்னுள்ள வாழ்வை அறிவர். இரு சாராரும் ஒரே பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருந்தும் ஒருவரது நூலை மற்றவர் திறப்பதில்லை. மலையகச் சிறுகதைகளிலே அரைப்பேரும் கைக்காசும் கழிவும் எத்தனையோ முறை எழுதப்பட்டுள்ளன. அவற்றை நாம் வட்டார வழக்கு என்றும் மண்வாசனை என்றும் குறிப்பெழுதிக் கடந்து வந்துள்ளோம். அவை ஒரு கணக்கு முறையின் கலைச்சொற்கள் என்பதை உணர்ந்தோமாயின், கம்பனியின் கணக்கும் தொழிலாளியின் கணக்கும் ஒரே விளைச்சலைப் பற்றிய இருவேறு பிரதிகள் என்பது தெளிவாகும். இரண்டையும் ஒருங்கே வைத்து வாசிக்கும் பயிற்சியைத் தமிழ்த் திறனாய்வு இனியாவது மேற்கொள்ளவேண்டும். அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தையின்போது மேசைமீது ஒரு பிரதி மாத்திரம் இருத்தலாகாது.